வீணைக்கு ஏற்ற சின்ன மிக்சர் தேடி நான் பட்ட பாடு

திருச்சியில் வீட்டிலேயே வீணை சொல்லிக் கொடுக்கிறேன். நேரில் வரும் பிள்ளைகள் பாதி, வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாகக் கற்பவர்கள் பாதி. எனக்கு வேண்டியிருந்தது பெரிய ஸ்டூடியோ எல்லாம் இல்லை. விடியற்காலை சாதகத்தில், அதாவது அன்றாடப் பயிற்சியில், தம்பூராவும் வீணையும் ஹெட்போனில் சேர்ந்து கேட்க வேண்டும், வீட்டில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது. வகுப்பில் அதே நாதம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும். நேரம் அமையும்போது ஒரு கீர்த்தனையைச் சுத்தமாகப் பதிவு செய்ய வேண்டும். "இதுக்கு ஒரு சின்ன மிக்சர் போதுமே" என்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். பல இடத்திலிருந்து வரும் சத்தங்களைக் கலந்து, அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிதான் மிக்சர். போதும்தான். எந்த மாதிரி மிக்சர் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு விவரம் கிடைக்காமல் எனக்குக் கைவிட்டுப் போனது 8,000 ரூபாய்க்கு மேல். அதோடு ஒரு சபைக்கு அனுப்ப வேண்டிய பதிவும் போனது. பணத்தைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது. வீணை, வயலின், வாய்ப்பாட்டு என்று வீட்டில் இருந்தபடியே இதைச் செய்ய நினைக்கும் மற்றவர்களுக்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் செலவே இல்லாத ஒரு விஷயம். மிக்சர் தேட வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்தது, "டீச்சர், தம்பூரா கேக்கவே இல்ல" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான். என் அறையில் தம்பூரா செயலி நன்றாக ஒலிக்கும், அவர்கள் பக்கம் ஒன்றும் இருக்காது. வீணையும் விட்டு விட்டுத்தான் கேட்குமாம், கமகத்தின் வால் அறுந்துபோகுமாம். காரணம் ஜூம் போன்ற செயலிகளில் இருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி. இடைவிடாமல் ஒரே மாதிரி கேட்கும் எதையும் அது மின்விசிறிச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். தம்பூராவின் இயல்பே இடைவிடாமல் ஒலிப்பது, அதனால் முதலில் பலியாவது அதுதான். ஜூமில் ஒலி அமைப்புக்குள் போனால், இசைக் கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு, எதிரொலி நீக்கத்தையும் அணைத்துவிட்டு, இரு பக்கமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். வகுப்பு மட்டும்தான் உங்கள் தேவை என்றால், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

எனக்குப் பதிவும் வேண்டும், சாதகமும் வேண்டும் என்பதால் கடைக்குப் போனேன். அங்கே எனக்குக் காட்டிய பெட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எட்டு சேனல், வரிசையாகத் திருகுகள், ஒரு சின்னத் திரை, ப்ளூடூத், யூஎஸ்பி, 48 வோல்ட் என்று எழுதிய சிவப்புப் பொத்தான், 99 விதமான எக்கோ. பெயர் கேள்விப்படாத கம்பெனி, விலை 4,800 ரூபாய். "மேடம், இதுல இல்லாததே இல்ல, ரெக்கார்டிங், ஆன்லைன் கிளாஸ் எல்லாத்துக்கும் இதுதான் போகுது" என்றார்கள். வீணையின் நாதத்தைப் பிடிக்க 2,600 ரூபாய்க்கு ஒரு கண்டென்சர் மைக், கேபிள்கள் தனி. என்னிடம் ஏற்கெனவே கச்சேரிக்காக வாங்கிய கான்டாக்ட் மைக் ஒன்று இருந்தது. குடத்தின் பலகையில் ஒட்டுகிற வட்டத் தகடு அது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்து அடுக்கியபோது இருந்த சந்தோஷம் அன்று இரவு வரைகூட நீடிக்கவில்லை.

முதல் அடி யூஎஸ்பியில் விழுந்தது. லேப்டாப்பில் சொருகுவதற்குக் கேபிளை எடுத்தால், மிக்சரில் இருந்தது பென் டிரைவ் சொருகும் துளை. பாட்டு வாசிக்கவும், எம்பி3யாகப் பென் டிரைவில் பதியவும் மட்டும் பயன்படுவது. கணினிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் கேட்டேன், ‘யூஎஸ்பி இருக்கு’ என்றார்கள், பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பதிவு செய்கிறவருக்கு யூஎஸ்பி என்றால் ஒன்று, பஜனைக்குப் பாட்டுப் போடுகிறவருக்கு வேறு ஒன்று. எனவே ‘யூஎஸ்பி இருக்கிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. ‘கணினியில் சொருகினால் சவுண்ட் கார்டாகத் தெரியுமா, கணினியிலிருந்து வரும் சத்தமும் திரும்ப மிக்சருக்குள் வருமா’ என்று கேளுங்கள். பெட்டியின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ பிரிண்டர் கேபிள் போல் சதுர வாய் உள்ள துளையோ, செல்போன் சார்ஜர் மாதிரி சி வகைத் துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையான நீள்சதுரத் துளை மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது பென் டிரைவுக்குத்தான்.

சரி, மிக்சரின் ஹெட்போன் துளையிலிருந்து லேப்டாப்பின் மைக் துளைக்குக் கேபிள் போடலாம் என்று சொன்னார்கள். லேப்டாப்பில் இருப்பது ஒரே துளை, செல்போன் ஹெட்செட்டுக்கான நான்கு வளைய வகை. அதில் மைக்குக்கு ஒரே வளையம்தான், இட வலப் பிரிவே கிடையாது. அது எதிர்பார்ப்பதும் ஹெட்செட் மைக்கின் மெல்லிய மின்சாரம். மிக்சரிலிருந்து வருவதோ அதைவிடப் பல மடங்கு வலுவானது. வீணையைக் கொஞ்சம் அழுத்தி மீட்டினாலே கரகரவென்று உடைந்தது. 300 ரூபாய்க்கு யூஎஸ்பி குச்சி ஒன்று வாங்கிப் போட்டேன், அதிலும் அதே கதை. அந்த வாரம் மூன்று பிள்ளைகளின் வகுப்பைத் தள்ளிவைத்தேன்.

அடுத்தது சேனல் கணக்கு. எட்டு சேனல் என்றால் எட்டு மைக் போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மிக்சர் செய்கிறவர்கள் எண்ணுவது வேறு மாதிரி. கீபோர்டு போன்ற ஸ்டீரியோ கருவிக்கான ஜோடித் துளையை இரண்டாக எண்ணுவார்கள். யமஹாவின் எம்ஜி10எக்ஸ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரிலேயே பத்து இருக்கிறது. அதில் மைக் போடக்கூடியவை நான்கு, மீதி ஆறு என்பது மூன்று ஸ்டீரியோ ஜோடிகள். எம்ஜி06எக்ஸில் மைக் இரண்டு, ஸ்டீரியோ ஜோடி இரண்டு. இது ஏமாற்று இல்லை, தொழிலில் எல்லோரும் எண்ணும் முறை. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று துவாரமுள்ள வட்டமான எக்ஸ்எல்ஆர் மைக் சாக்கெட் எத்தனை என்பதைத்தான். இன்னொன்றும் கவனியுங்கள்: எம்ஜி06எக்ஸில் நல்ல எஃபெக்ட் உண்டு, ஆனால் கணினிக்கான யூஎஸ்பி கிடையாது. பெயர்களில் ஓர் எழுத்து மாறினால் வசதியே மாறும். கம்பெனி பெயரை மட்டும் நம்பி மாடல் பெயரைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மிக்சரைக் கணினி இல்லாமல் சாதகத்துக்காவது பயன்படுத்துவோம் என்று செல்போனிலிருந்து தம்பூராவைக் கொண்டுவந்தேன். கடையில் கொடுத்த கேபிள் ஒரு முனை செல்போனுக்கான சின்ன முள், மறுமுனை ஒரே ஒரு பெரிய முள். அதை மைக் சேனலின் லைன் துளையில், அதாவது மைக் அல்லாத கருவிகளுக்கான பெரிய முள் துளையில், சொருகினால் தம்பூரா காணவில்லை! சினிமாப் பாட்டுப் போட்டால் வாத்தியங்கள் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கின்றன, பாடுகிறவர் குரல் மறைந்துவிட்டது. செல்போன் கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். எத்தனையோ இடத்தில் படித்துத்தான் காரணம் புரிந்தது. அந்தத் துளை பேலன்ஸ்டு வகை. முள்ளின் நுனியில் வருவதிலிருந்து நடு வளையத்தில் வருவதைக் கழித்துவிட்டு மீதியைத்தான் எடுத்துக்கொள்ளும். கேபிள் நீளத்தில் புகும் இரைச்சலை நீக்க அப்படி ஓர் ஏற்பாடு. செல்போன் கொடுப்பதோ நுனியில் இடப்பக்கம், வளையத்தில் வலப்பக்கம். தம்பூரா செயலியில் இரண்டும் ஒரே சத்தம். ஒன்றிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். ஒரு முனையில் செல்போன் முள்ளும் மறுமுனையில் இரண்டு தனித்தனிப் பெரிய முள்ளும் உள்ள கேபிளை வாங்கி ஸ்டீரியோ ஜோடியில் போட்டதும் தம்பூரா முழுதாக வந்தது. இந்தக் கேபிள் விலை அதிகமில்லை. ஆனால் இதைக் கண்டுபிடிக்கும்வரை என் மனம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் காதிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு கண்டென்சர் மைக். வீணை சத்தம் குறைந்த வாத்தியம். மேடைப் பாடகர்கள் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கை வைத்தால் மிக்சரின் கெயின் திருகை, அதாவது உள்ளே வரும் சத்தத்தைப் பெருக்கும் திருகை, ஏறக்குறைய முழுதாகத் திருப்ப வேண்டியிருக்கும், மலிவான மிக்சரில் அப்போது உஸ் என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதனால் கண்டென்சர்தான் சரி, அதில் மாற்றுக் கருத்தில்லை. அது வேலை செய்ய மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் மைக் கேபிள் வழியாகவே போக வேண்டும், அதைத்தான் பேன்டம் பவர் என்கிறார்கள். என் மிக்சரில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்தது, மைக்கும் வேலை செய்தது, ஆனால் சத்தம் சோகையாக, கொஞ்சம் வேகமாக மீட்டினால் நெளிந்துபோய் வந்தது. கோயில் விழாக்களுக்கு மைக் செட் போடும் அண்ணா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் மல்டிமீட்டரை எடுத்துவந்து அளந்தார். விளக்குக்குப் பக்கத்தில் 48 என்று அச்சடித்திருந்தது, மீட்டர் 17 என்றது. இதற்கு ஒரு தரம் இருக்கிறது: 48 வோல்ட் என்று போட்டால் நாலு வோல்ட் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 44 முதல் 52 வரை. 17 என்பது அதில் சேர்த்தியே இல்லை. குறைந்த வோல்ட்டில் ஓடக்கூடிய மைக்குகள் இருக்கின்றன, ஆனால் பல மைக்குகள் இப்படித்தான் தடுமாறும்.

இதை நீங்களே அளக்கலாம், சாதாரண மீட்டர் போதும். மைக்கைக் கழற்றிவிட்டு, மீட்டரை டிசி 200 வோல்ட் நிலையில் வையுங்கள். எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில் ஒவ்வொரு துவாரத்துக்கும் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். கறுப்பு முனை ஒன்றில், சிவப்பு முனை இரண்டில், பிறகு மூன்றில். இரண்டிலும் ஒரே அளவு, 48-க்குப் பக்கத்தில் வர வேண்டும். கடையிலேயே பார்க்கலாம், எந்த நல்ல கடைக்காரரும் மறுக்க மாட்டார். அப்புறம், பேன்டம் பொத்தானைப் போடும்போதும் எடுக்கும்போதும் வால்யூமை முழுதாகக் குறைத்துவிடுங்கள். ஹெட்போனில் பட்டென்று ஒரு வெடிச் சத்தம் வரும், நம் பிழைப்பே காதில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில்தான் சென்னைச் சபை ஒன்று மார்கழி வாய்ப்புக்குப் பதிவு அனுப்பச் சொல்லியிருந்தது, கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டென்சர் கைகொடுக்கவில்லை, கான்டாக்ட் மைக்கை நேரே மிக்சரில் போட்டேன். மிக்சரின் பென் டிரைவில் பதிந்து கேட்டால் அது என் வீணையே இல்லை. மேல் தந்தியான சாரணி, கம்பியை இழுத்த மாதிரி மெலிந்து கீச்சென்று இருந்தது. கீழ் ஸ்தாயித் தந்தியான மந்தரம் பட்டும் படாமலும் கேட்டது. அதற்கும் கீழே ஒலிக்கும் அனுமந்தரம் அடியோடு இல்லை. விரல் நகம் தந்தியில் படும் சத்தம் மட்டும் துல்லியமாக வந்திருந்தது. பேஸ் திருகை முழுதாக ஏற்றினால் உறுமல்தான் கூடியது. காரைக்குடி, தஞ்சாவூர் என்று எந்த வழியில் வாசித்தாலும் வீணைக்கு உயிர் அந்தக் கீழ்நாதம்தானே, அது இல்லாத பதிவை எப்படி அனுப்புவது? அனுப்பாமல் விட்டேன். தேதி போய்விட்டது. அன்று ராத்திரி வீணையைத் தொடக்கூட மனம் வரவில்லை.

காரணம் என்ன என்பதை மைக் செட் அண்ணா ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "டீச்சர், இது பீசோ. இத லைன்ல சொருகினா அடிச் சத்தம் நிக்காது, நடுவுல ஒரு டிஐ பாக்ஸ் போடுங்க." இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வீணை, வயலின், கிட்டார் என்று கான்டாக்ட் மைக் ஒட்டும் எல்லோருக்கும் இது பொருந்தும். கான்டாக்ட் மைக்குக்குள் இருக்கும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் தகடுதான் பீசோ. அது உண்டாக்கும் மின்சாரம் மிகவும் பலவீனமானது. அதைச் சொருகும் சாக்கெட் குறைந்த மின்தடை காட்டினால், கீழ் ஸ்தாயி ஒலிகள் முழுக்க வடிந்துபோய்விடும். இதைத்தான் இன்புட் இம்பீடன்ஸ் என்று விவரப் பட்டியலில் போடுகிறார்கள். சாதாரண லைன் சாக்கெட்டில் அது 10,000 ஓம் அளவில் இருக்கும், கிட்டாருக்கென்று செய்த சாக்கெட்டில் 10 லட்சம் ஓம்.

வித்தியாசம் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டே பார்த்தேன். இரண்டே முக்கால் சென்டிமீட்டர் அகலமுள்ள தகடுகளின் மின்தேக்கு திறன் 20 நானோஃபேரட் வாக்கில் இருக்கும். அதை 10,000 ஓம் சாக்கெட்டில் சொருகினால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் சரியத் தொடங்கிவிடும். மூன்று கட்டையில் சுருதி சேர்த்த வீணையில் சாரணியின் ஷட்ஜம் ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ், அனுமந்தரம் 62 ஹெர்ட்ஸ். அதாவது சாரணியின் அடிநாதம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது, அனுமந்தரம் பதின்மூன்றில் ஒரு பங்காக. பேஸ் திருகு இதை ஈடுகட்டவே முடியாது. அதே தகட்டை 10 லட்சம் ஓம் சாக்கெட்டில் சொருகினால் சரிவு 8 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், நம் காதுக்கு எட்டாத இடம். வீணையில் ஒரு குறையும் இல்லை, கான்டாக்ட் மைக்கிலும் இல்லை. சொருகிய இடம்தான் அதற்கு உரியது இல்லை. இது புரிந்தபோது கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. அதற்கு முன் புது மெழுகு வைக்க வேண்டுமோ, தந்தி மாற்ற வேண்டுமோ என்று வீணையையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் நின்று இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்யும் சின்னப் பெட்டிதான் டிஐ பாக்ஸ். 2,700 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் பாசிவ், ஆக்டிவ் என்று இரண்டு வகை உண்டு. பாசிவ் வகை உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வைத்தது, பீசோவுக்கு அதன் மின்தடை பொதுவாகப் போதாது. ஆக்டிவ் வகைதான் வேண்டும். ஆக்டிவுக்கு மின்சாரம் தேவை, ஒன்று மிக்சரின் பேன்டம் பவர், இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரி. என் மிக்சரின் பேன்டம் லட்சணம் தெரிந்ததால், பேட்டரியிலும் ஓடும் மாடலாகப் பார்த்து எடுத்தேன். அன்றைக்கே அனுமந்தரம் திரும்பி வந்தது. மீட்டிவிட்டுக் கண்ணை மூடி அந்த நாதம் அடங்கும்வரை கேட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஆனால் பதிவு இன்னும் பென் டிரைவில்தான், வகுப்புக்கும் வழியில்லை. மிக்சரை மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டேன். அப்போது மிக்சரே வேண்டுமா, மைக்கையும் வாத்தியத்தையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி போதாதா என்ற கேள்வி வந்தது. இதற்கு என் பதில் தெளிவானது. பாடுவதை ஒரு மைக்கில் கணினியில் பதிவு செய்வது மட்டும்தான் தேவை என்றால் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ போன்றவற்றில் ஒரு மைக், ஒரு கிட்டார் சாக்கெட் இருக்கும், காசுக்கு நல்ல ஒலி. ஆனால் கணினியைத் திறக்காமல் செல்போன் தம்பூராவோடு உட்கார்ந்து சாதகம் செய்ய வேண்டும், வகுப்பில் பேச்சும் வாத்தியமும் தம்பூராவும் கையெட்டும் தூரத்தில் தனித்தனித் திருகில் இருக்க வேண்டும் என்றால் மிக்சர்தான் வசதி.

தாமதத்தையும் கவனிக்க வேண்டும். கணினிக்குள் போய் மென்பொருள் வழியாகத் திரும்பி வரும் உங்கள் சத்தத்தைக் கேட்டு வாசிக்க முயன்றால், பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டின் அளவு, 512 என்று வைத்திருந்தால் போகும்போதே ஏறக்குறைய 11 மில்லி விநாடி, திரும்பி வருவதற்கு அதே அளவு, நடுவில் இன்னும் கொஞ்சம். விளம்ப காலத்தில் தெரியாது. மூன்றாம் காலத் தானம் வாசித்தால் மீட்டு விரலுக்குப் பின்னால் வருவது போல் ஒரு சங்கடம். ப்ளூடூத் ஹெட்போனைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் தாமதம் இதைவிடப் பல மடங்கு. மிக்சரிலும், டைரக்ட் மானிட்டர் வசதி உள்ள இன்டர்ஃபேஸிலும் உங்கள் வாத்தியம் கணினிக்குப் போகாமல் நேரே ஹெட்போனுக்கு வரும், தாமதம் என்பதே இல்லை. எனவே ஹெட்போன் கம்பி உள்ளதாகவே இருக்கட்டும்.

கடைசியில் நான் எடுத்தது யமஹா ஏஜி03, சென்னையில் ஒருவர் பயன்படுத்திக் கொடுத்தது, 8,500 ரூபாய். அதில் மைக் ஒன்றுதான் போடலாம், ஆனால் அசல் 48 வோல்ட் வருகிறது, நானே அளந்து பார்த்தேன். இரண்டாவது சேனலில் கிட்டாருக்கென்று ஒரு சுவிட்ச் உண்டு, அதைப் போட்டால் கான்டாக்ட் மைக்கை டிஐ பாக்ஸ் இல்லாமலே சொருகலாம். செல்போன் தம்பூராவுக்குத் தனியாகச் சின்னத் துளை. கணினிக்கு எது போக வேண்டும் என்பதற்கு மூன்று நிலைச் சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு சேனல் மட்டும் போவது ஒன்று, எல்லாம் கலந்து போவது ஒன்று, கணினியின் சத்தத்தையும் சேர்த்துத் திரும்ப அனுப்பும் லூப்பேக் ஒன்று. வகுப்புக்குக் கலந்து அனுப்புகிறேன், தம்பூராவும் பிள்ளைகளுக்குக் கேட்கிறது. பதிவுக்கு முதல் நிலை, தம்பூரா என் காதுக்கு மட்டும், பதிவில் மைக்கும் கான்டாக்ட் மைக்கும் மட்டும்.

இந்த வசதி இல்லாத யூஎஸ்பி மிக்சர் உங்களிடம் இருந்தாலும் ஒரு வழி உண்டு. விலை குறைந்த மிக்சர்களில் எத்தனை சேனல் இருந்தாலும் கணினிக்குப் போவது பெரும்பாலும் இட, வல என்று இரண்டு தடம்தான். சத்தத்தை இடம், வலம் என்று நகர்த்தும் பேன் திருகில் மைக்கை முழுக்க இடப்பக்கமும் கான்டாக்ட் மைக்கை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டுப் பதியுங்கள். பிறகு ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்த ஸ்டீரியோ தடத்தை இரண்டாகப் பிரித்தால் தனித்தனியாகக் கையாளலாம். மைக்கின் காற்றோட்டமான நாதத்தில் கான்டாக்ட் மைக்கின் அடிச் சத்தத்தைக் கொஞ்சமாகக் கலந்தால் வீணை நிறைவாக நிற்கிறது. பதியும்போது அளவு காட்டும் பட்டை உச்சியில் முட்டாமல், அழுத்தி மீட்டும்போது கழித்தல் 12 முதல் கழித்தல் 6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி கெயினை வைத்துக்கொள்ளுங்கள். எக்கோவைப் பதிவில் சேர்க்காதீர்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம், சேர்த்துவிட்டால் எடுக்க முடியாது.

இரைச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மிக்சர் வந்த பிறகும் அது என்னை விடவில்லை. லேப்டாப் சார்ஜரைப் போட்டால் ம்ம்ம் என்று ஓர் ஒலி, எடுத்தால் நின்றுவிடும். பதிவின்போது லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுவதே எளிய வழி. மிக்சர், லேப்டாப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினாலும் குறையும். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்தால் இரைச்சல் போகும் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. எங்கள் வீட்டில் இன்னொரு குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் ஃபேனை இரண்டிலோ மூன்றிலோ வைத்தால் கான்டாக்ட் மைக்கில் ஜிர்ரென்று கேட்கும், முழு வேகத்தில் வைத்தாலோ அணைத்தாலோ போய்விடும். மின்சாரம் போய்ப் பழைய வகை இன்வெர்ட்டர் ஓடும்போது அடாப்டர் போட்ட எல்லாக் கருவியும் இரையும். ஏஜி03க்கு யூஎஸ்பியின் 5 வோல்ட்டே போதும் என்பதால் இப்போது மின்வெட்டில் பவர் பேங்கில் ஓட்டிச் சாதகம் செய்கிறேன். தனி அடாப்டரில் ஓடும் மிக்சர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: சின்ன மிக்சர்கள் பலவற்றின் அடாப்டர் வெளியே கொடுப்பது ஏசி. அது பழுதானால் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து வேறு டிசி அடாப்டரை மாட்டிவிடக் கூடாது.

பழைய மிக்சர் வாங்குகிறவர்கள் நேரில் போய் ஒவ்வொரு திருகையும் மெதுவாகத் திருப்பி ஹெட்போனில் கேளுங்கள். கரகரத்தால் உள்ளே தூசி என்று அர்த்தம். யூஎஸ்பி துளையில் கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள், கணினியில் தொடர்பு அறுந்து வந்தால் அந்தத் துளையின் சால்டர் விட்டிருக்கும். பேன்டமை அளந்துவிடுங்கள்.

முதல் மிக்சரை எங்கள் பகுதி பஜனைக் குழு 1,800 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். இரண்டு டைனமிக் மைக், ஒரு ஹார்மோனியம், பென் டிரைவில் பாட்டு என்று அவர்களுக்கு அது ஒத்துப்போகிறது. எனக்கு மிக்சரில் 3,000, பயன்படாத கேபிளிலும் குச்சியிலும் 1,400, நடத்த முடியாமல் திருப்பிக் கொடுத்த வகுப்புக் கட்டணம் 4,000 என்று போனது. கண்டென்சர் மைக் இப்போது சரியான வோல்ட்டில் நன்றாகவே ஒலிக்கிறது, அதில் நட்டமில்லை. டிஐ பாக்ஸும் வீண் போகாது. மிருதங்கத்தோடு சேர்ந்து பதிய வேண்டும் என்று ஆசை இருக்கிறது. அதற்குத் தொப்பிக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று என்று மூன்று மைக் சாக்கெட்டாவது வேண்டும், ஏஜி03 போதாது. எம்ஜி10எக்ஸ்யூ மாதிரி நான்கு மைக் உள்ளதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கிட்டார் சுவிட்ச் இல்லாததால் கான்டாக்ட் மைக் நாலாவது சாக்கெட்டில் டிஐ பாக்ஸ் வழியாகப் போகும். கடைக்குப் போகும்போது கான்டாக்ட் மைக், தம்பூராவுக்கான இரட்டை முள் கேபிள், லேப்டாப், மீட்டர் நான்கையும் பையில் எடுத்துப் போவேன்.